திரையிசையில் முனைவர் பட்ட ஆய்வு: தலைப்பிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) வரை

தமிழ்த் திரைப்பாட்டைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. எந்தப் பாட்டு எந்த ராகம், எந்த டூயட்டில் யார் குரல் எப்படி இழைந்தது என்று தினமும் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நல்ல காது உள்ளவர்கள் எழுதியது அதில் நிறைய உண்டு. ஆனால் அந்தப் பாட்டு எப்படி உருவானது, எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறோம், இன்னொருவர் அதைச் சரிபார்க்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த வேலை எம்.ஏ. முடித்துவிட்டு பிஎச்.டி. சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காகக் காத்திருக்கிறது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லும் வரிசை வழக்கமானது இல்லை. பொதுவாக முதலில் நூலகம், பிறகு கோட்பாடு, கடைசியில் களப்பணி என்பார்கள். திரையிசை ஆய்வுக்கு இந்த வரிசை பெரிய நஷ்டம். 1960களிலும் 70களிலும் கோடம்பாக்கம் ஸ்டூடியோக்களில் வயலினும் தபலாவும் வாசித்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். புத்தகம் இன்னும் பத்து வருடம் கழித்தும் அலமாரியில் இருக்கும். அதனால் கேள்வி ஓரளவு உருவானதும் முதலில் ஆட்களிடம் போங்கள்.

1. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்?

இசை ஆய்வில் மூன்று பாதைகள் உண்டு. இசையமைப்பு வழி ஆய்வில் நீங்களே இசையமைத்து, அந்தப் படைப்புகளோடு ஒரு விளக்க உரையும் எழுதுகிறீர்கள். கோட்பாட்டு ஆய்வில் ஏற்கெனவே உள்ள இசையின் அமைப்பை அலசுகிறீர்கள். வெகுஜன இசைப் பண்பாடு என்றால் அந்த இசையை யார் கேட்டார்கள், எதில் கேட்டார்கள், அது அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்தது என்று பார்க்கிறீர்கள்.

இவை ஒன்றோடொன்று கலக்கும், கலக்கவும் வேண்டும். ஆனால் முதல் கால் எதில் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நெறியாளர், துறை, தேர்வாளர் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். இசையமைப்பு வழி பிஎச்.டி. பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய முறை. அங்கே படைப்புத் தொகுப்பே ஆய்வேட்டின் பெரும்பகுதி. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் எழுத்து ஆய்வேடுதான். சொந்த இசையை மையமாக வைக்க விரும்பினால், அந்தத் துறையின் விதி அதற்கு இடம் தருகிறதா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தலைப்பு வேறு, கேள்வி வேறு

"திரையிசையில் கர்நாடக இசையின் தாக்கம்" என்பது தலைப்பு மாதிரித் தெரியும். உள்ளே கேள்வி இல்லை. தாக்கம் இருந்ததா என்றால் இருந்தது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆய்வேடுகள் கடைசியில் பாட்டுக்கு ஒரு ராகம் என்று பட்டியல் போட்டு முடிந்துவிடுகின்றன.

கேள்வி என்றால் பதில் இரண்டு விதமாகவும் வர வாய்ப்பு இருக்க வேண்டும். உதாரணமாக: ஒரு ராகத்தின் பிடிகள் (அதன் சிறு ஸ்வரத் தொடர்கள்) வக்கிரமாக வளைந்து வளைந்து போகும்போது, கீழே வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) அந்த வளைவைப் பின்தொடர்கின்றனவா, கண்டுகொள்ளாமல் போகின்றனவா? ரீதிகௌளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ க ரி க ம நி த ம நி நி ஸ என்று ஏறும் ராகம் அது. நேராக ஏறாத ஒரு ராகத்துக்கு மேற்கத்திய ஹார்மனி எப்படி அடியில் நிற்கும்? 1977-இல் வந்த 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' இதே ராகத்தில் அமைந்தது, பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா, இசை இளையராஜா. அந்த ஒரு பாட்டின் பேஸ் வரியை (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரியை) மட்டும் உட்கார்ந்து எழுதினாலே ஒரு அத்தியாயத்துக்கான கேள்விகள் கிளம்பிவிடும்.

எல்லையையும் அப்போதே போட்டுவிடுங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை பாட்டு, அவற்றை எந்த அடிப்படையில் எடுத்தீர்கள். முப்பது பாட்டுகளை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்த ஆய்வேடு முந்நூறு பாட்டுகளைத் தொட்டுவிட்டுப் போன ஆய்வேட்டைவிட நிற்கும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அந்த முப்பதும் "எனக்குப் பிடித்தவை" என்று இருக்கக் கூடாது. ஒரு நிறுவனம் ஒரே ஆண்டில் வெளியிட்ட எல்லாப் பாட்டும், ஒரே பாடகர் இரண்டு இசையமைப்பாளர்களிடம் பாடியவை என்று ஏதாவது ஒரு விதி தேர்ந்தெடுக்கட்டும்.

தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் அங்கே முழுமையாகக் கிடைக்கும். 'திரையிசை', 'திரைப்பாடல்', 'சினிமா இசை' என்று பல சொற்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேட வேண்டும். இசைத் துறையோடு நிறுத்தாமல் தமிழ்த் துறை, இதழியல் துறை ஆய்வேடுகளையும் பாருங்கள். திரைப்பாட்டைப் பற்றிய தமிழ் ஆய்வுகளில் பெரும்பகுதி வரிகளைப் பற்றியதுதான். அந்த வரிகள் எந்த சுருதியில், எந்தத் தாளத்தில் பாடப்பட்டன என்ற பேச்சே பலவற்றில் இருக்காது. உங்கள் இடம் அங்கேதான்.

3. சேர்க்கை

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அறிவிப்பில் விவரம் தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, கோர்ஸ் ஒர்க் (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) உட்பட. அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதல் அவகாசம் உண்டு. கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட். எம்.ஃபில். அதே விதியோடு நின்றுபோனது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை பிஎச்.டி. சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 2024-இல் வந்தது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். நெட் இசைத்தாள் பெரும்பாலும் சாஸ்திரிய சங்கீதம் சார்ந்தது. உங்கள் ஆர்வம் முழுக்கத் திரையிசையாக இருந்தாலும் லட்சண விஷயங்களை (ராக, தாள இலக்கணத்தை) விட்டுவிட முடியாது. வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும், கலைச்சொற்களை அந்த மொழிகளிலும் பழகிக்கொள்ளுங்கள்.

இடங்களைப் பொறுத்தவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2013-இல் தொடங்கிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆகியவை இயல்பாக நினைவுக்கு வரும். இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரிலுள்ள அழகியற் கற்கைகள் நிறுவனமும் உண்டு. வெளிநாடு என்றால் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கும் தென்னிந்திய இசைக்கும் பல பத்தாண்டு உறவு; லண்டனில் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான சோவாஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது.

துறையின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். அவர் திரையிசை கேட்பவராகக்கூட இருக்க வேண்டாம். அதை ஆய்வுக்கு உரிய பொருளாக மதிக்கிறாரா என்பதை மட்டும் முதல் சந்திப்பிலேயே தெரிந்துகொள்ளுங்கள். "சினிமாப் பாட்டு மட்டும் போதாதும்மா, கீர்த்தனையோடு ஒப்பிட்டு ஒரு அத்தியாயம் வை" என்று சொல்லும் நெறியாளரோடு மூன்று வருடம் மல்லுக்கட்டுவது கஷ்டம். சில சமயம் அந்த யோசனை சரியாகவும் இருக்கும். உங்கள் கேள்விக்கு அது உதவுகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

4. முதலில் ஆட்கள்

பாட்டின் ரெக்கார்டு உறையில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர் இருக்கும். இடையிசையில் அந்த ஷெனாயை வாசித்தது யார், ஸ்ட்ரிங்ஸ் பகுதியை எழுதியது யார், ஒத்திகையில் ட்ராக் பாடியது யார் என்பது பெரும்பாலும் எங்கும் அச்சாகவில்லை. இந்தித் திரையிசையில் வாத்தியக் கலைஞர்களின் உலகத்தை கிரெகரி பூத் விரிவான நேர்காணல்களின் வழியே 2008-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்த அளவு விரிவாகக் கோடம்பாக்கத்துக்கும் செய்ய வேண்டும்.

தொடங்க நல்ல இடம், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் போன்றவர்கள் முன்னின்று உருவாக்கிய திரைப்பட இசைக் கலைஞர்கள் சங்கம். அங்கிருந்து ஒருவரைப் பிடித்தால் அவர் இன்னொருவரைச் சொல்வார். கலைஞர்களில் சிலர் தேவாலயத்தில் ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய ஐந்துகோட்டுக் குறிமுறை) படித்து வந்தவர்கள். சிலர் நாதஸ்வரக் குடும்பத்திலிருந்தோ நாடகக் கம்பெனி ஆர்மோனியப் பெட்டியிலிருந்தோ வந்தவர்கள். யார் எந்தப் பயிற்சியில் வந்தார் என்பதே ஒரு முக்கியமான தரவு. இளையராஜா ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசித்த வயலின்காரரின் அனுபவம் ஒரு மாதிரி. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் பாடிக் காட்டியதைக் காதில் வாங்கி வாசித்தவரின் அனுபவம் வேறு மாதிரி. அந்த இரண்டு முறையும் பாட்டுக்குள் எங்கே தெரிகிறது என்று நீங்கள் பிறகு தேடப்போகிறீர்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது கேள்வித்தாளைவிட ஒரு நல்ல ஸ்பீக்கர் முக்கியம். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் ஏற்கெனவே பல முறை சொன்ன கதைதான் வரும். பாட்டைப் போடுங்கள். இரண்டாவது பிஜிஎம் வரும்போது நிறுத்துங்கள். "இந்த பிட் யார் வாசிச்சது சார்?" என்று கேளுங்கள். கை தானாக விரலைப் போட்டுக் காட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெயர் வரும், எத்தனை டேக் போனது, மைக் எங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் வரும். வாத்தியம் வீட்டிலிருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதித்தால் அதைப் பதிவு செய்யுங்கள்.

பழைய டைரி, கால்ஷீட் குறிப்பு, நோட்டேஷன் தாள் ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று எல்லோரிடமும் கேளுங்கள். இருந்தால் அந்த வீட்டிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், மூலத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

நினைவு பிசகும். ஒருவர் ஒரு பாட்டை பிரசாத் ஸ்டூடியோவில் வாசித்ததாகச் சொல்வார், இன்னொருவர் ஏவி.எம். என்பார். இருவரையும் அப்படியே எழுதி வையுங்கள். யார், எப்போது, எந்தச் சூழலில் சொன்னார் என்பதும் பதிவில் இருக்கட்டும். பிறகு ஆவணத்தோடு ஒப்பிடலாம்.

சம்மதக் கடிதம் தமிழில் இருக்க வேண்டும், படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பெயர் வெளியிடலாமா, பதிவை எங்கே வைப்போம், வேண்டாம் என்றால் எப்போது திரும்பப் பெறலாம் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். சம்பளப் பாக்கி, மனக்கசப்பு போன்ற விஷயங்கள் பேச்சில் கட்டாயம் வரும். அவற்றை வெளியிடுவதற்கு முன் அவரிடமே திரும்பப் போய் இன்னொரு முறை கேட்பதுதான் மரியாதை.

5. அப்புறம் ஆவணங்கள்

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்தத் துறைக்குக் கிடைத்த பெரும் சொத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 1994-இல் தொடங்கியது. அங்கே சினிமாப் பாட்டுப் புத்தகங்களைக் கேட்டுப் பாருங்கள். தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள்தான். கதைச் சுருக்கம் பாதியில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். பின்னால் பாட்டு வரிகள் இருக்கும். சில புத்தகங்களில் ராகம், தாளம் கூடப் போட்டிருப்பார்கள். ராகப் பெயர் அச்சிடுவது எந்த ஆண்டுகளில் வழக்கமாக இருந்தது, எப்போது நின்றது என்று வரிசையாகப் பார்த்தாலே, கேட்பவர்களிடம் தயாரிப்பாளர் எதை எதிர்பார்த்தார் என்பது புரியும்.

புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பழைய படப் பிரதிகளையும் விளம்பரப் பொருள்களையும் தேடலாம். குருகிராமில் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இனவரைவு இசைக் காப்பகம் இருக்கிறது. களப்பதிவுகளை எப்படி வகைப்படுத்தி வைக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள அங்கே ஒருமுறையாவது போய் வரலாம். இவற்றோடு தனியார் சேகரிப்பாளர்களையும் மறக்காதீர்கள். இசைத்தட்டுச் சேகரிப்பவர்களிடம் இருப்பது சில நேரம் எந்தக் காப்பகத்திலும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரே பாட்டுக்குப் பல உருவங்கள் உண்டு. 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போலத்தான் இடம். அதனால் படத்தில் வரும் பாட்டும் தட்டில் வரும் பாட்டும் நீளத்தில் வேறுபடலாம், சில நேரம் சரணமே காணாமல் போகும். எதை ஆராய்கிறீர்கள் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டு எண்ணோடு குறித்து வையுங்கள்.

6. பாட்டை எழுதி எடுப்பது

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரமும் இங்கேதான் போகும்.

முதலில் சுருதி, அதாவது பாட்டின் ஆதார ஸ்வரம் நிற்கும் உயரம்; அதைக் 'கட்டை' என்ற அளவில் சொல்வார்கள். இணையத்தில் கிடைக்கும் பட வீடியோவை வைத்து "இந்தப் பாட்டு ஒன்றரைக் கட்டை" என்று ஒருநாளும் எழுதிவிடாதீர்கள். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகம் ஓடுவது. அதைப் பழைய பி.ஏ.எல். (PAL) முறை டி.வி.க்கும் டி.வி.டி.க்கும் மாற்றும்போது 25 ஆக ஓட விடுவார்கள். வேகம் 4 சதவீதத்துக்கு மேல் கூடும், அதோடு சுருதியும் ஏறத்தாழ 71 சென்ட் ஏறும். அரைத்தொனி ஒன்று 100 சென்ட். அதாவது முக்கால்வாசி அரைத்தொனி மேலே போய்விடுகிறது. ஒரு கட்டைப் பாட்டு உங்கள் காதுக்கு ஒன்றரையை ஒட்டி விழும். கேசட்டில் எடுத்த பிரதியில் டெக்கின் வேகம் வேறு கூடிக் குறைந்திருக்கும். குறைந்தது இரண்டு தனித்தனி மூலங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சுருதியைக் குறியுங்கள்.

அடுத்து, எந்தக் குறிமுறை? மெட்டின் ராக நடையைப் பற்றிய கேள்வி என்றால் ஸ்வரக் குறிப்பு. ஒரே நேரத்தில் பல வாத்தியங்கள் என்ன செய்கின்றன என்பது கேள்வி என்றால் ஸ்டாஃப். பல ஆய்வேடுகள் இரண்டையும் எல்லாப் பாட்டுக்கும் போட்டுப் பக்கத்தை நிரப்புகின்றன; வாசிப்பவருக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியாது. ஸ்டாஃபில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) அடங்காது, ஸ்வரக் குறிப்பில் கார்டு அடங்காது. உங்கள் வாதத்துக்கு எது தேவையோ அதை மட்டும் எழுதுங்கள்.

கருவிகள் பெரும்பாலும் இலவசம். சோனிக் விஷுவலைசரில் பாட்டைத் திறந்து தாள அடிகளைக் குறிக்கலாம், ஸ்பெக்ட்ரோகிராம் பார்க்கலாம். பேச்சொலி ஆய்வாளர்கள் உருவாக்கிய பிராட் மென்பொருள், தனிக் குரலின் சுருதிக் கோட்டை வரைந்து கொடுக்கும். நோட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் போதும். குரலையும் வாத்தியங்களையும் பிரித்துத் தரும் ஸ்ப்ளீட்டர், டெமக்ஸ் போன்றவை பேஸ் வரியைக் கேட்க மிகவும் உதவும். ஆனால் பிரித்தெடுத்த ஒலியில் மற்ற வாத்தியங்களின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து வாத்தியத்தின் நாதத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது, ஸ்வரத்தை உறுதிப்படுத்த மட்டும் பயன்படுத்துங்கள்.

எழுதி முடித்ததும் கணினியை மூடிவிட்டு அதைப் பார்த்துப் பாடுங்கள் அல்லது வாசியுங்கள். இடறும் இடத்தில் தப்பு இருக்கும்.

7. ஒரு பாட்டை வைத்துச் செய்து பார்ப்போம்

1985-இல் வந்த 'சிந்து பைரவி' படத்தில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே' பாட்டைப் பற்றி ரசிகர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: கல்யாணி ராகத்தில் ஆரோகணம் (ஏறும் வரிசை) மட்டுமே வைத்து அமைத்த பாட்டு, அவரோகணமே (இறங்கும் வரிசையே) கிடையாது என்பார்கள். அருமையான செய்தி. இதை ஆய்வாக மாற்றுவது எப்படி?

முதல் வேலை, சொல்லப்படுவதைச் சோதிக்கக்கூடிய வாக்கியமாக மாற்றுவது. "அவரோகணம் இல்லை" என்றால் என்ன? ஒரு பிடிக்குள் எந்த ஸ்வரமும் தனக்கு முந்தியதைவிடக் கீழே வராது என்று வைத்துக்கொள்வோம். உடனே அடுத்த கேள்வி வருகிறது: ஒரு பிடி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? மேலே ஏறியே போக முடியாது, எங்காவது கீழே வந்துதான் மறுபடி ஏற வேண்டும். அந்த இறக்கத்தை இரண்டு பிடிகளுக்கு நடுவே உள்ள தாண்டல் என்று சொல்கிறோம் என்றால், அந்த எல்லையை எதை வைத்துப் போட்டோம்? மூச்சை வைத்தா, சொல் முடிவை வைத்தா, தாள ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) வைத்தா? மூன்று வகையிலும் தனித்தனியாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே முடிவு வந்தால் வாதம் உறுதி. இல்லையென்றால் அந்த வேறுபாடே உங்கள் கண்டுபிடிப்பு.

அப்புறம் கமகம். கல்யாணியில் காந்தாரமும் நிஷாதமும் அசையாமல் நிற்பது அபூர்வம். அசைவு என்றாலே பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டுத் திரும்புவதுதான். பிராட்டில் சுருதிக் கோட்டைப் பார்த்தால் அது மேலும் கீழும் போய் வரும். அப்படியானால் அந்த இறக்கம் அவரோகணமா? இல்லை என்போம், ஏனென்றால் நம் மரபில் ஸ்வரம் என்பதற்குள்ளேயே அந்த அசைவு அடக்கம். இதை நீங்கள் எழுதும்போது ஸ்வரம் என்பது ஒரு புள்ளியா, ஒரு அசைவா என்ற பெரிய கோட்பாட்டுக் கேள்விக்குள் போய்விடுகிறீர்கள். ஒரு சினிமாப் பாட்டிலிருந்து அங்கே போய்ச் சேர முடிகிறது என்பதுதான் இந்தத் துறையின் மேல் எனக்குள்ள பிரியத்துக்குக் காரணம்.

மேற்கத்திய வெகுஜன இசை ஆய்விலிருந்தும் ஒரு கருவியை எடுத்துக்கொள்ளலாம். பிலிப் டாக் 1982-இல் எழுதிய கட்டுரையில் சொன்ன மாற்றிப் பார்க்கும் சோதனை அது: பாட்டில் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். தாளத்தை மாற்றினால் உணர்வு போய்விடுகிறதா? வாத்தியத்தை மாற்றினால்? எந்த மாற்றத்தில் பாட்டின் குணம் கெடுகிறதோ, குணம் அந்த அம்சத்தில் இருக்கிறது. கீபோர்டும் ஒரு மென்பொருளும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நாலு பேருக்குப் போட்டுக் காட்டி அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.

8. இசையமைப்பு வழியில் போகிறவர்களுக்கு

உங்கள் படைப்புதான் ஆய்வு என்றால், நீங்கள் எடுத்த முடிவுகள்தான் தரவு. ஆனால் முடிவுகள் மறந்துபோகும். இன்று சரணத்தில் ஒரு கார்டை ஏன் மாற்றினோம் என்பது அடுத்த மாதம் நினைவிருக்காது. அதனால் ஒவ்வொரு நாள் வேலையையும் தேதி போட்ட தனிப் பிரதியாகச் சேமியுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். கூடவே ஒரு ஆடியோ எடுத்து, நாலு வரி எழுதுங்கள்: என்ன மாற்றினேன், ஏன், காதுக்கு எப்படி இருந்தது.

விளக்க உரையில் "எனக்குத் தோன்றியது" என்பதைத் தாண்ட வேண்டும். உங்கள் படைப்பு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது? வக்கிர ராகத்துக்கு ஹார்மனி என்ற அதே கேள்வியை வைத்து ஆறு சிறு படைப்புகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு தீர்வை முயன்று, எது கேட்கத் தக்கதாக வந்தது, எது ராகத்தைக் கெடுத்தது என்று காட்டினால் அது ஆய்வு. வாசித்த கலைஞர்கள் ஒத்திகையில் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீணைக்காரர் "இந்த இடத்தில் கை போகலை" என்று சொன்னால் அதுவும் ஒரு கோட்பாட்டுத் தகவல்தான்.

9. கேட்டவர்கள் கதை

பண்பாட்டு ஆய்வில் பாட்டைவிட அது போய்ச் சேர்ந்த வழி பேசப்படும். 1952-இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பிறகு அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கதவு மூடியது. அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. 1957-இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டில் பல வீடுகளில் முள் இலங்கை அலைவரிசையில்தான் நின்றது. நல்ல தமிழ் உச்சரிப்போடு பாட்டை அறிமுகம் செய்த அந்த அறிவிப்பாளர்கள், பாட்டு எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சொல்லும் பழக்கத்தை நம் காதில் போட்டார்கள். ரசிகன் என்ற ஆள் எப்படி உருவானான் என்று கேட்பவருக்கு இது பெரிய வயல்.

அடுத்த கட்டம் கேசட். ஒவ்வொரு ஊரிலும் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டும் ஒரு தாளும் கொடுத்தால் நாம் எழுதிக் கொடுத்த பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். அந்தக் கைப்பட்டியல்களோ கடைக்காரரின் நோட்டுப் புத்தகமோ எங்காவது மிஞ்சியிருந்தால் அதைவிட நல்ல தரவு இல்லை: ஒருவர் எந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டை வைத்தார் என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும். அந்தக் கடைகளை நடத்தியவர்கள் இப்போது மொபைல் கடையோ ஜெராக்ஸ் கடையோ வைத்திருக்கலாம். தேடிப் போங்கள். கல்யாண வீட்டுக்கு மைக் செட் போட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு போட வேண்டும், எந்தத் தெருவில் எந்தப் பாட்டைப் போட்டால் சண்டை வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சினிமாவுக்கு வெளியே போக விரும்பினால் வடசென்னையின் கானா, மலேசியத் தமிழ் ராப், பறை இசை எல்லாம் விரிவான களங்கள். இங்கே சாதியைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது, எழுதவும் கூடாது. கானா பாடுபவரின் வீட்டுக்குப் போய்ப் பதிவு எடுத்துக்கொண்டு, பட்டம் வாங்கியபின் திரும்பிப் பார்க்காதவர்கள் உண்டு. அவருடைய பாட்டை அவர் பெயரோடு குறிப்பிடுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள். உங்கள் அத்தியாயத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பின்னணிக் குரலைப் பற்றி எழுதுகிறவர்கள் அமாண்டா வைட்மன் 2021-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்காமல் தொடங்க வேண்டாம். பெண் குரலின் மரியாதை, மேடையில் அசையாமல் நின்று பாடுவது போன்றவற்றை அவர் பார்த்த விதம், உங்கள் காதுக்குப் பழகிப்போன விஷயங்களைப் புதிதாகக் கேட்க வைக்கும்.

10. பதிப்புரிமை

ஆய்வுக்காகப் பயன்படுத்துவதற்கும் விமர்சனத்துக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆய்வேட்டில் சில வரிகளையும் சில சங்கதிகளின் நோட்டேஷனையும் மேற்கோள் காட்டுவது அதற்குள் அடங்கும். முழுப் பாட்டு வரிகளையும் பின்னிணைப்பில் அடுக்குவதைத் தவிருங்கள். ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடும்போது கணக்கே வேறு.

ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள். 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலையை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுக்கு உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அது முடிந்துபோனது. ஆனால் வரிகளுக்கு உரிமை எழுதியவர் காலமான பிறகு 60 ஆண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல், ஆக 2033 முடியும்வரை வரிகளுக்கு உரிமை உண்டு. படத்தின் இசையில் சிவன், ஜி. ராமநாதன் இருவர் பெயரும் வருவதால், மெட்டு யாருடையது என்ற கேள்வி இசை வரலாற்றுக்கு மட்டுமல்லாமல் உரிமைக் கணக்குக்கும் வேண்டியதாகிறது.

11. எழுதுவதும் வைவாவும்

முன்னுரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஒரே ஒரு பாட்டின் அலசலை முழுமையாக எழுதி முடித்து நெறியாளரிடமும், இசை தெரியாத ஒரு நண்பரிடமும் கொடுங்கள். நண்பருக்கு எங்கே புரியாமல் போகிறதோ அங்கே நீங்கள் கலைச்சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறீர்கள். "நெஞ்சை உருக்கும்", "தேன் சொட்டும்" போன்ற சொற்கள் வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, அந்த உணர்வு வரும்போது இசையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்: குரல் எந்த ஸ்வரத்துக்குப் போனது, எந்த வாத்தியம் நின்றது.

தமிழில் எழுத விதி இடம் தந்தால் தமிழில் எழுதுங்கள் என்பேன். நேர்காணல் தந்தவர்கள் படிக்க முடியும். கூடவே ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டுவிட்டால் வெளியுலக ஆய்வாளர்களோடு பேச்சு தொடங்கும். பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவைப் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம்வரை பிரச்சினை இல்லை என்பது மானியக் குழுவின் 2018 விதி.

வைவாவில் பெரும்பாலும் கேட்கப்படுவது, ஏன் இந்தப் பாட்டுகள், உங்கள் நோட்டேஷன் சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்ற இரண்டும்தான். முதலாவதற்குத் தேர்வு விதி இருக்கிறது. இரண்டாவதற்கு, பாட்டின் முப்பது விநாடித் துண்டையும் அதன் நோட்டேஷனையும் திரையில் போட்டுவிட்டு, நீங்களே பாடிக் காட்டுங்கள்.

பட்டம் கிடைத்த கையோடு ஒரு வேலை பாக்கி இருக்கும். நேர்காணல் பதிவுகள் உங்கள் மடிக்கணினியிலேயே கிடந்தால் ஹார்ட் டிஸ்க் கெடும்போது அதோடு அழிந்துபோகும். சம்மதக் கடிதங்கள், எழுத்துவடிவம், பெயர்ப்பட்டியல் சேர்த்து ஒரு காப்பகத்தில் ஒப்படையுங்கள். ஒரு பிரதியை அந்தக் கலைஞரின் வீட்டுக்கு, பென் டிரைவில் போட்டு, அவர் வாசித்த பாட்டுகளின் பட்டியலை அச்சிட்டு வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.